ரிமோட் டெஸ்க்டாப்பைத் தொடங்கி வைக்கும் ஷெல் ஸ்கிரிப்டைப் படிப்பது எப்படி: முழுமையான வழிகாட்டி

எங்கள் வேலூர்ப் பக்கத்தில் லினக்ஸ் சிஸ்டம் ஒன்றை எங்கோ ஒரு மூலையில் வைத்துவிட்டு, தூரத்திலிருந்து அதில் வேலை பார்ப்பவர்கள் பலரை எனக்குத் தெரியும். ராணிப்பேட்டை சிப்காட்டில் கணக்கு எழுதுகிறவர், காட்பாடியில் தங்கிப் படித்துக்கொண்டு லேப் சர்வரில் சிமுலேஷன் ஓட்டும் மாணவர், சத்துவாச்சாரி வீட்டிலிருந்தே ஆம்பூர் கம்பெனியின் ஸ்டாக்கைப் பார்க்கிறவர். இவர்கள் எல்லோரும் ஒரே இடத்தில்தான் மாட்டிக்கொள்கிறார்கள். பாஸ்வேர்டு சரியாகப் போகிறது. அப்புறம் திரை சாம்பல் நிறத்தில் நிற்கிறது, அல்லது ஒரு நொடி கறுப்பாகி மூடிக்கொள்கிறது. உடனே எல்லாவற்றையும் அழித்து மறுபடி இன்ஸ்டால் செய்ய ஆரம்பித்துவிடுகிறார்கள்.

அதற்கு அவசியமே இல்லை. பெரும்பாலும் பதில் ஐந்து முதல் பத்து வரிகள் உள்ள ஒரு ஷெல் ஸ்கிரிப்டில் இருக்கிறது. நாம் கொடுக்கும் கமாண்டுகளை வாங்கி ஓட்டுவது ஷெல்; அதற்கான கமாண்டுகளை வரிசையாக எழுதி வைத்த ஃபைல்தான் ஷெல் ஸ்கிரிப்ட். அதைப் படிக்க ஒரு வழி சொல்கிறேன்: மேலிருந்து கீழாக வேண்டாம், கடைசி வரியிலிருந்து தொடங்குங்கள். அந்தக் கடைசி வரிதான் உங்கள் செஷன். அது உயிரோடு இருக்கும் வரை டெஸ்க்டாப் இருக்கும். மேலே உள்ள மற்ற வரிகள் எல்லாம் அதற்கு இடம் தயார் செய்பவை.

உங்கள் ஸ்கிரிப்டை ஒரு பக்கம் திறந்து வைத்துக்கொண்டு இதைப் படியுங்கள். கமாண்டுகளைப் போனில் ஒருவருக்கு வாசித்துக் காட்டுவது போலத் தமிழ் எழுத்திலேயே கொடுத்திருக்கிறேன். உங்கள் திரையில் இருப்பதோடு ஒப்பிட்டால் எது எது என்று தெரிந்துவிடும். டைப் செய்யும்போது வழக்கமான ஆங்கில எழுத்துதான்.

ஸ்கிரிப்டுக்கு முன்னால் நடப்பது

லினக்ஸில் திரையில் வரைவது எக்ஸ் சர்வர் என்ற புரோகிராமின் வேலை. மானிட்டர் இருந்தால் அதில் வரையும். ரிமோட் டெஸ்க்டாப்பில் மானிட்டர் கிடையாது. மெமரியிலேயே ஒரு திரையை வைத்துக்கொண்டு, அதில் மாறும் பகுதிகளை நெட்வொர்க் வழியாக உங்களுக்கு அனுப்பும்.

ரிமோட் டெஸ்க்டாப்புக்கு இங்கே இரண்டு முறைகளைப் பார்ப்போம்: விஎன்சி, எக்ஸ்ஆர்டிபி. விஎன்சி முறையில் எக்ஸ்விஎன்சி என்ற ஒரே புரோகிராம் இரண்டு வேலையையும் பார்க்கிறது. உள்ளே இருக்கும் அப்ளிகேஷன்களுக்கு அது எக்ஸ் சர்வர், வெளியே இருக்கும் உங்களுக்கு அது விஎன்சி சர்வர். கேம்பிரிட்ஜில் இருந்த ஒரு ஆய்வகத்தில் பிறந்து, 1998-இல் மூலநிரலோடு வெளியானது விஎன்சி. டைட்விஎன்சி, டைகர்விஎன்சி எல்லாம் அதன் வழிவந்தவை.

எக்ஸ்ஆர்டிபி வேறு மாதிரி. விண்டோஸில் ஏற்கெனவே இருக்கும் ரிமோட் டெஸ்க்டாப் கனெக்‌ஷனிலிருந்தே லினக்ஸுக்குள் நுழைய உதவும் மென்பொருள் அது. அதில் வேலை பிரிந்திருக்கிறது. 3389 போர்ட்டில் (நெட்வொர்க்கில் ஒரு வாசல் எண்) எக்ஸ்ஆர்டிபி காத்திருக்கும். பாஸ்வேர்டைச் சரிபார்த்துச் செஷனை உருவாக்குவது செஸ்மேன் என்ற இன்னொரு புரோகிராம். திரையை வரைவது எக்ஸ்ஆர்க்.

ஒவ்வொரு எக்ஸ் சர்வருக்கும் ஒரு டிஸ்ப்ளே எண் உண்டு. விஎன்சியில் 5900-உடன் அந்த எண்ணைக் கூட்டினால் போர்ட் கிடைக்கும். டிஸ்ப்ளே 1 என்றால் 5901, 2 என்றால் 5902. எக்ஸ்ஆர்டிபியில் வழக்கமாக 10-இலிருந்து எண் தொடங்கும், ஆனால் போர்ட் எல்லோருக்கும் 3389-தான்.

எக்ஸ் சர்வர் எழுந்து நின்ற பிறகுதான் நம் ஸ்கிரிப்ட் கூப்பிடப்படுகிறது. டிஸ்ப்ளே என்ற வேரியபிளில் (பெயர் சூட்டி வைக்கும் மதிப்பு) அந்த எண் ஏற்கெனவே போடப்பட்டிருக்கும். ஆகவே ஸ்கிரிப்டில் டிஸ்ப்ளே பற்றி ஒரு வரியும் இல்லையே என்று தேடாதீர்கள். லாகினைத் தாண்டி ஏதோ ஒரு திரை தெரிகிறது என்றால் நெட்வொர்க், பாஸ்வேர்டு, எக்ஸ் சர்வர் மூன்றும் சரி. ரவுட்டரைத் தொட வேண்டாம்.

எந்த ஃபைலைத் திறப்பது

விஎன்சி என்றால், உங்கள் ஹோம் ஃபோல்டருக்குள் .விஎன்சி என்ற மறைந்த ஃபோல்டரில் எக்ஸ்ஸ்டார்ட்அப் என்ற ஃபைல். டைகர்விஎன்சியின் புதிய பதிப்புகளில் .கான்ஃபிக் ஃபோல்டருக்குள் டைகர்விஎன்சி என்ற இடத்துக்கு இது மாறியிருக்கும். இங்கே ஒன்றைக் கவனியுங்கள். 2020-இல் வந்த டைகர்விஎன்சி 1.11-இலிருந்து, டைகர்விஎன்சி திட்டம் நேரடியாகத் தரும் விஎன்சிசர்வர் (விஎன்சியைத் தொடங்கும் கமாண்ட்) இந்த ஸ்கிரிப்டைப் படிப்பதே இல்லை. அதற்குப் பதில் கான்ஃபிக் என்ற ஃபைலில் 'செஷன்=' என்று ஒரு வரி இருக்கும்; எந்த டெஸ்க்டாப் என்று அங்கேதான் சொல்ல வேண்டும். லினக்ஸ் வகைகளில் ஃபெடோரா இந்த வழியில் போகிறது. டெபியனும் உபுண்டுவும் பழைய பாணி ஸ்கிரிப்டை இன்னும் வைத்திருக்கின்றன. எக்ஸ்ஸ்டார்ட்அப்பில் என்ன மாற்றினாலும் ஒன்றுமே நடக்கவில்லை என்றால், முதலில் சந்தேகப்பட வேண்டியது இதைத்தான்.

எக்ஸ்ஆர்டிபி என்றால் யூகிக்கவே வேண்டாம். /இடிசி/எக்ஸ்ஆர்டிபி ஃபோல்டரில் செஸ்மேன்.இனி ஃபைலைத் திறந்து 'டிஃபால்ட்விண்டோமேனேஜர்' என்ற வரியைப் பாருங்கள். எந்த ஸ்கிரிப்ட் ஓடும் என்று அதுவே சொல்லும். வழக்கமாக அதே ஃபோல்டரில் உள்ள ஸ்டார்ட்டபிள்யூஎம்.எஸ்ஹெச். பக்கத்திலேயே 'யூசர்விண்டோமேனேஜர்' என்று இன்னொரு வரி இருக்கும். அந்தப் பெயரில் உங்கள் ஹோம் ஃபோல்டரில் ஒரு ஃபைல் இருந்து, அந்த வசதி ஆனில் இருந்தால், பொது ஸ்கிரிப்டை விட்டுவிட்டு அதுதான் ஓடும்.

கை வைக்கும் முன் ஒரு காப்பி எடுத்து வைத்துவிடுங்கள்.

கடைசி வரி

எக்ஸ்எஃப்சிஇ டெஸ்க்டாப்புக்கு நான் பரிந்துரைக்கும் எக்ஸ்ஸ்டார்ட்அப் இவ்வளவுதான்:

#!/பின்/எஸ்ஹெச்
அன்செட் செஷன்_மேனேஜர்
அன்செட் டிபஸ்_செஷன்_பஸ்_அட்ரஸ்
விஎன்சிகான்ஃபிக் -நோவின் &
எக்ஸெக் ஸ்டார்ட்எக்ஸ்எஃப்சிஇ4

கடைசி வரியில் 'எக்ஸெக்' இருக்கிறதே, அதைப் புரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது. சாதாரணமாக ஷெல்லில் ஒரு கமாண்டைக் கொடுத்தால், ஷெல் ஒரு புது புராசஸை (ஓடும் நிலையில் உள்ள புரோகிராம்) உண்டாக்கி அதில் கமாண்டை ஓட்டிவிட்டு, முடியும் வரை காத்திருக்கும். எக்ஸெக் போட்டால் புது புராசஸ் கிடையாது. கல்லாவில் உட்கார்ந்திருந்தவர் எழுந்துகொள்ள, அதே நாற்காலியில் இன்னொருவர் உட்காருவது போல, ஷெல் போய் அதே புராசஸ் எண்ணில் ஸ்டார்ட்எக்ஸ்எஃப்சிஇ4 வந்துவிடும். அதனால் எக்ஸெக் வரிக்குக் கீழே எது எழுதியிருந்தாலும் அது ஓடாது. நிறைய ஸ்கிரிப்டுகளில் எக்ஸெக்குக்குக் கீழே மூன்று நான்கு வரிகள் ஆண்டுக்கணக்கில் கிடக்கும். யாரோ சேர்த்திருப்பார்கள், அவை ஒரு தடவைகூட ஓடியிருக்காது.

எக்ஸெக் இல்லாமல் வெறுமே ஸ்டார்ட்எக்ஸ்எஃப்சிஇ4 என்று கடைசியில் இருந்தாலும் டெஸ்க்டாப் வரும். ஷெல் சும்மா காத்துக்கொண்டிருக்கும், அவ்வளவுதான் வித்தியாசம்.

ஆனால் வரியின் முடிவில் & இருந்தால் கதை வேறு. ஆம்பர்சண்ட் என்றால் 'இதைப் பின்னணியில் ஓட்டு, நான் அடுத்த வரிக்குப் போகிறேன்' என்று பொருள். கடைசி வரியிலேயே அதைப் போட்டால் ஷெல்லுக்கு அடுத்த வரி கிடையாது. ஸ்கிரிப்ட் முடிந்துவிடும். அதற்குப் பிறகு என்ன ஆகும் என்பது, யார் இந்த ஸ்கிரிப்டைக் கூப்பிட்டார்கள் என்பதைப் பொறுத்தது.

டைட்விஎன்சி போன்ற பழைய விஎன்சி சர்வர்கள் ஸ்கிரிப்ட் முடிந்ததா என்று பார்ப்பதில்லை. எக்ஸ்விஎன்சி பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும், டெஸ்க்டாப்பும் பின்னணியில் வரும். எக்ஸ்ஆர்டிபி அப்படியில்லை. ஸ்கிரிப்டாகத் தொடங்கிய புராசஸ் முடிந்தால் செஷன் முடிந்தது என்றே செஸ்மேன் எடுத்துக்கொள்ளும். எக்ஸ் சர்வரையும் நிறுத்திவிடும். புதிய டைகர்விஎன்சியும் அப்படித்தான். பழைய விஎன்சிக்காக எழுதிய ஸ்கிரிப்டை எடுத்து எக்ஸ்ஆர்டிபியில் ஒட்டினால், லாகின் ஆன வேகத்தில் வெளியே தள்ளுவதற்குக் காரணம் இந்த ஒரு குறிதான்.

ஆக, கடைசி வரியில் மூன்று கேள்விகளைக் கேளுங்கள். எந்த புரோகிராம்? அது இந்த மெஷினில் இருக்கிறதா? பின்னால் & இருக்கிறதா? இரண்டாவது கேள்விக்குப் பதில் தெரிய, டெர்மினலில் 'கமாண்ட் -வி' என்று போட்டு புரோகிராமின் பெயரைக் கொடுங்கள். இருந்தால் அதன் பாதையைக் காட்டும். எதுவும் காட்டாவிட்டால் இல்லை.

மேலே நான்காவது வரியில் & இருப்பது சரியான பயன்பாடு. விஎன்சிகான்ஃபிக் என்பது உங்கள் கம்ப்யூட்டருக்கும் சர்வருக்கும் இடையே காப்பி-பேஸ்ட் நடக்க உதவும் சின்ன புரோகிராம். பழைய டைகர்விஎன்சிக்கு அது வேண்டும், புதியதற்குத் தேவையில்லை. துணை வேலை செய்பவற்றை எல்லாம் & போட்டுப் பின்னணிக்கு அனுப்பிவிட்டு, முக்கியமான ஒன்றை மட்டும் முன்னால் நிறுத்துவதுதான் முறை. அங்கே & இல்லாவிட்டால், ஸ்கிரிப்ட் அந்த வரியிலேயே காத்துக் கிடக்கும்; டெஸ்க்டாப் வராது.

முதல் வரியும் அனுமதியும்

ஹேஷ், ஆச்சரியக்குறி, பிறகு /பின்/எஸ்ஹெச். இந்த ஃபைலை எந்த ஷெல் படிக்க வேண்டும் என்று சொல்லும் வரி இது. டெபியனிலும் உபுண்டுவிலும் /பின்/எஸ்ஹெச் என்பது பாஷ் அல்ல, டாஷ். உபுண்டு 2006-லேயே மாறிவிட்டது. பாஷுக்கு மட்டும் தெரிந்த இரட்டைச் சதுர அடைப்பு, 'சோர்ஸ்' போன்றவற்றை டாஷ் ஏற்காது. அவை வேண்டும் என்றால் முதல் வரியை /பின்/பாஷ் என்று மாற்றுங்கள்.

ஃபைலுக்கு ஓடும் அனுமதியும் வேண்டும். 'சிஹெச்மோட் +எக்ஸ்' கொடுத்துவிடுங்கள்.

அடுத்தது கண்ணுக்கே தெரியாத ஒன்று. விண்டோஸில் நோட்பேடில் எழுதி, பென்டிரைவில் கொண்டுவந்து ஒட்டிய ஸ்கிரிப்டில் ஒவ்வொரு வரியின் முடிவிலும் ஒரு கூடுதல் எழுத்து ஒட்டிக்கொண்டிருக்கும். முதல் வரியில் லினக்ஸ் அதையும் ஷெல்லின் பெயரோடு சேர்த்துப் படிக்கும். அப்படி ஒரு ஷெல் இல்லை என்று சொல்லிவிடும். பார்த்தால் ஃபைல் சரியாகவே இருக்கும், பிழைச் செய்தியோ 'அப்படி ஒரு ஃபைல் இல்லை' என்று வரும். 'கேட் -ஏ' (ஏ பெரிய எழுத்து) போட்டுப் பாருங்கள். வரி முடிவில் டாலர் குறி மட்டும் இருந்தால் நல்லது. டாலருக்கு முன் ஒரு கூரைக் குறியும் எம் எழுத்தும் இருந்தால் 'டாஸ்2யூனிக்ஸ்' கமாண்டை ஓட்டுங்கள்.

அன்செட் வரிகள் எதற்கு

ஒரு புராசஸ் பிறக்கும்போது, அதைப் பெற்ற புராசஸின் வேரியபிள்கள் எல்லாம் அதற்கும் வந்துவிடும். ஆபீஸ் சிஸ்டத்தின் மானிட்டர் முன் உட்கார்ந்து, டெர்மினலைத் திறந்து விஎன்சிசர்வரைத் தொடங்குகிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த மானிட்டரில் ஓடும் டெஸ்க்டாப்பின் விலாசங்கள் புதிய செஷனுக்கும் போய்விடும். செஷன்_மேனேஜர் என்ற வேரியபிள் எந்த செஷன் மேனேஜரிடம் பதிவு செய்ய வேண்டும் என்று அப்ளிகேஷன்களுக்குச் சொல்லும். டிபஸ்_செஷன்_பஸ்_அட்ரஸ் அப்ளிகேஷன்கள் ஒன்றோடொன்று பேசும் பாதையைச் சொல்லும். இவை பழைய விலாசத்தைக் காட்டினால் புதிய டெஸ்க்டாப் அங்கே போய்ப் பேசும். 'ஏற்கெனவே ஒரு செஷன் மேனேஜர் ஓடுகிறது' என்று நின்றுவிடும். அல்லது நீங்கள் வீட்டில் கிளிக் செய்த புரோகிராம் ஆபீஸ் மானிட்டரில் திறக்கும். அன்செட் அந்த இரண்டு விலாசங்களையும் துடைத்துவிடுகிறது.

எக்ஸ்ஆர்டிபியில் இதே சிக்கல் வேறு வழியில் வரும். ஒரே யூசர் ஆபீஸில் நேரடியாக லாகின் செய்திருக்கிறார், பிறகு வீட்டுக்கு வந்து அதே பெயரில் எக்ஸ்ஆர்டிபியில் நுழைகிறார். லினக்ஸில் சர்வீஸ்களைத் தொடங்கிக் கவனிக்கும் சிஸ்டம்டி, ஒரு யூசருக்கு ஒரு பஸ்தான் (அப்ளிகேஷன்கள் பேசும் அந்தப் பாதை) வைத்திருக்கும். இரண்டு டெஸ்க்டாப்பும் அதைப் பங்கு போட முயலும். குறிப்பாக க்னோம் டெஸ்க்டாப் கறுப்புத் திரையோடு நிற்கும். ஸ்டார்ட்டபிள்யூஎம் ஃபைலில் அன்செட் வரிகளைச் சேர்த்தால் பல இடங்களில் சரியாகும். ஆனால் என் கருத்து வேறு: ரிமோட்டுக்கு என்று தனியாக ஒரு யூசரை உருவாக்கிவிடுங்கள். பொது ஃபோல்டரை இருவருக்கும் திறந்துவிட்டால் வேலைக்குக் குறையில்லை. ஸ்கிரிப்டில் நாலு வரி ஒட்டுப் போடுவதைவிட இது நீடித்து நிற்கும்.

எக்ஸ்ஆர்டிபியின் ஸ்டார்ட்டபிள்யூஎம், வரி வரியாக

டெபியன், உபுண்டுவில் வரும் ஸ்கிரிப்டில் ஹேஷில் தொடங்கும் குறிப்புகளை நீக்கினால் மிஞ்சுவது இது:

இஃப் டெஸ்ட் -ஆர் /இடிசி/புரொஃபைல்; தென்
. /இடிசி/புரொஃபைல்
ஃபை
இஃப் டெஸ்ட் -ஆர் ~/.புரொஃபைல்; தென்
. ~/.புரொஃபைல்
ஃபை
டெஸ்ட் -எக்ஸ் /இடிசி/எக்ஸ்11/எக்ஸ்செஷன் && எக்ஸெக் /இடிசி/எக்ஸ்11/எக்ஸ்செஷன்
எக்ஸெக் /பின்/எஸ்ஹெச் /இடிசி/எக்ஸ்11/எக்ஸ்செஷன்

கடைசி வரியிலிருந்து வருவோம். எக்ஸ்செஷன் என்ற ஃபைலை ஷெல்லிடம் கொடுத்து ஓட்டச் சொல்கிறது. அதற்கு முந்தைய வரி: எக்ஸ்செஷனுக்கு ஓடும் அனுமதி இருக்கிறதா என்று டெஸ்ட் -எக்ஸ் பார்க்கிறது; இருந்தால், && குறியின் வழியாக, அதையே நேரடியாக எக்ஸெக் செய்கிறது. அனுமதி இருந்தால் கடைசி வரிக்கு வேலையே இல்லை. அனுமதி இல்லாதபோது கைகொடுக்கத்தான் அது நிற்கிறது. எழுதியவர் எவ்வளவு கவனமாக யோசித்திருக்கிறார் என்று இந்த இரண்டு வரியிலேயே தெரிகிறது.

மேலே உள்ளவற்றில் -ஆர் என்றால் படிக்க முடிகிறதா என்ற சோதனை. ~ என்பது உங்கள் ஹோம் ஃபோல்டர். தனியாக நிற்கும் புள்ளிதான் பலர் கண்ணில் படாமல் போவது. அந்த ஃபைலை இதே ஷெல்லுக்குள் படி என்று பொருள். புள்ளி இல்லாமல் ஓட்டினால் தனி புராசஸில் ஓடி, அங்கே வைத்த வேரியபிள்கள் அதோடு செத்துப்போகும். புள்ளி இருப்பதால்தான் புரொஃபைலில் வைத்த பாத் (புரோகிராம்களைத் தேடும் ஃபோல்டர்களின் பட்டியல்), மொழி எல்லாம் டெஸ்க்டாப் வரை வந்து சேர்கின்றன.

சில ஸ்கிரிப்டுகளில் டெஸ்ட் என்ற சொல்லுக்குப் பதில் சதுர அடைப்பு இருக்கும். இரண்டும் ஒன்றுதான். அடைப்புக்கு உள்ளே இரு பக்கமும் இடைவெளி கட்டாயம்.

சரி, எக்ஸ்செஷன் என்ன செய்கிறது? /இடிசி/எக்ஸ்11/எக்ஸ்செஷன்.டி என்ற ஃபோல்டரில் 20, 30, 40 என்று எண்ணில் தொடங்கும் துண்டு ஸ்கிரிப்டுகள் இருக்கின்றன. அவற்றை எண் வரிசையில், அதே புள்ளி முறையில் படிக்கிறது. 40-ஆம் எண் துண்டு உங்கள் ஹோமில் .எக்ஸ்செஷன்ஆர்சி இருந்தால் படிக்கும். 50-ஆம் எண் துண்டுதான் எதைத் தொடங்குவது என்று முடிவு செய்கிறது: ஹோமில் .எக்ஸ்செஷன் என்ற ஃபைல் இருந்தால் அது. இல்லாவிட்டால் சிஸ்டத்துக்கு என்று வைத்த செஷன் மேனேஜர். அதுவும் இல்லாவிட்டால் விண்டோக்களைச் சட்டமிட்டு நகர்த்தும் விண்டோ மேனேஜர். கடைசியில் வெறும் டெர்மினல். 99-ஆம் எண் துண்டு அதை எக்ஸெக் செய்கிறது. இங்கேயும் எக்ஸெக்தான் கடைசி.

இதிலிருந்து ஒரு நல்ல விஷயம் கிடைக்கிறது. டெஸ்க்டாப்பை மாற்ற /இடிசி பக்கம் போகவே வேண்டாம். ஹோமில் .எக்ஸ்செஷன் என்று ஒரு ஃபைல், அதில் 'ஸ்டார்ட்எக்ஸ்எஃப்சிஇ4' என்று ஒரே வரி. ஒரே சர்வரில் பல மாணவர்கள் நுழையும் லேப்களில் இதுதான் சரியான வழி. பொது ஸ்கிரிப்டில் ஒருவர் கை வைத்தால் எல்லோருக்கும் போய்விடும். அதோடு, எக்ஸ்ஆர்டிபி அப்டேட் ஆகும்போது பொது ஸ்கிரிப்ட் மாறக்கூடும், உங்கள் ஹோம் ஃபைல் மாறாது.

மாணவர்களுக்கு இன்னொன்று. பைதான் தொகுப்பான அனகோண்டா போட்டிருந்தால், அது தன் ஃபோல்டரை பாத் வேரியபிளின் முன்னால் சேர்த்துக்கொள்ளும். அதற்குள் டிபஸ் முதலிய புரோகிராம்களின் வேறு பதிப்புகள் இருக்கலாம். டெஸ்க்டாப் அவற்றை எடுத்துக்கொண்டு தடுமாறும். நேற்றுவரை வந்த திரை அனகோண்டா போட்டதிலிருந்து வரவில்லை என்றால் முதலில் பாத்தைப் பாருங்கள்.

தமிழில் டைப் செய்ய

பில்லிலும் கடிதத்திலும் தமிழ் வேண்டும் என்று கேட்பவர்கள் அதிகம். டெர்மினலில் கைமுறையாகத் தொடங்கினால் தமிழ் வருகிறது, ரிமோட்டில் வரவில்லை என்பார்கள். தமிழ் டைப் செய்ய உதவும் ஐபஸ் வேலை செய்ய மூன்று வேரியபிள்கள் வேண்டும்: ஜிடிகே_ஐஎம்_மாட்யூல், க்யூடி_ஐஎம்_மாட்யூல் இரண்டுக்கும் மதிப்பு ஐபஸ்; எக்ஸ்மாடிஃபையர்ஸ் என்பதற்கு @ஐஎம்=ஐபஸ். மூன்றையும் 'எக்ஸ்போர்ட்' போட்டு, எக்ஸெக் வரிக்கு மேலே எழுத வேண்டும். எக்ஸ்போர்ட் இல்லாவிட்டால் வேரியபிள் ஷெல்லோடு நின்றுவிடும். அவற்றுக்குக் கீழே 'ஐபஸ்-டீமன் -டி -எக்ஸ்' என்று ஒரு வரி. டெபியன் வகையில் எக்ஸ்ஆர்டிபி என்றால் இவற்றுக்குப் பொருத்தமான இடம் .எக்ஸ்செஷன்ஆர்சி. தமிழ்99 விசைப்பலகைக்கு ஐபஸ்-எம்17என் பேக்கேஜ் வேண்டும்.

இதே வரிகளை .பாஷ்ஆர்சி ஃபைலில் போட்டுவிட்டுக் காத்திருக்க வேண்டாம். அந்த ஃபைல் டெர்மினல் திறக்கும்போது படிக்கப்படுவது. டெஸ்க்டாப் அதைப் பார்ப்பதில்லை.

திரை வரவில்லை என்றால்

ராணிப்பேட்டையிலிருந்து ஒரு தம்பி போன் செய்தான். புதிதாக அக்கவுண்ட்ஸ் பார்க்கிறவன்.

"பாஸ்வேர்டு எடுத்துக்குதுண்ணா. அப்புறம் சாம்பலா ஒரு திரை. நடுவுல எக்ஸ் மாதிரி ஒண்ணு, மவுஸ நகத்துனா அதுவும் நகருது."

"ஸ்கிரிப்டுல கடைசி வரி இன்னா இருக்குது, படி."

"க்னோம்-செஷன், அப்புறம் அந்த அண்ட் குறி."

"அதுக்கு மேல?"

"எக்ஸ்செட்ரூட், மைனஸ் சாலிட், கிரே."

காரணம் தெரிந்துவிட்டது. எக்ஸ்செட்ரூட் என்பது பின்னணி நிறத்தை வைக்கும் கமாண்ட். திரை சாம்பலாக மாறியிருக்கிறது என்றால் ஸ்கிரிப்ட் அந்த வரி வரை ஓடியிருக்கிறது. எக்ஸ் வடிவ மவுஸ் குறி, எக்ஸ் சர்வர் உயிரோடு இருக்கிறது, ஆனால் மவுஸுக்கு வேறு உருவம் கொடுக்க ஒரு டெஸ்க்டாப்பும் இல்லை என்பதற்கு அடையாளம். அப்படியானால் விழுந்தது கடைசி வரி மட்டும்தான். பதிவு (லாக்) ஃபைலைத் திறக்கச் சொன்னேன். எக்ஸ்ஸ்டார்ட்அப், வரி எண், 'க்னோம்-செஷன்: நாட் ஃபவுண்ட்' என்று இருந்தது. அந்த மெஷினில் இருந்ததோ எக்ஸ்எஃப்சிஇ. ஒரு சொல்லை மாற்றியதும் திரை வந்தது.

பதிவு ஃபைல்கள் இருக்கும் இடங்கள்: விஎன்சியில் எக்ஸ்ஸ்டார்ட்அப் இருக்கும் அதே .விஎன்சி ஃபோல்டரில், மெஷின் பெயரும் டிஸ்ப்ளே எண்ணும் சேர்ந்து .லாக் என்று முடியும் ஃபைல். எக்ஸ்ஆர்டிபியில் ஹோமில் உள்ள .எக்ஸ்செஷன்-எரர்ஸ், அதோடு /வார்/லாக் ஃபோல்டரில் எக்ஸ்ஆர்டிபி-செஸ்மேன்.லாக். செஸ்மேனின் பதிவில் 'விண்டோ மேனேஜர் எக்ஸிட்டட் குயிக்லி' என்று கண்டால், ஸ்கிரிப்டின் கடைசி வரி நிற்கவில்லை என்று அது உங்களுக்கே சொல்லிவிட்டது. இன்னொரு பக்கம், 'எக்ஸ் சர்வர் ஆல்ரெடி ரன்னிங் ஆன் டிஸ்ப்ளே' என்று ஸ்டார்ட்எக்ஸ்எஃப்சிஇ4 எழுதும் வரியைப் பார்த்துப் பலர் பயந்துவிடுகிறார்கள். அது பிழை அல்ல. எக்ஸ் சர்வர் ஏற்கெனவே இருப்பதால் புதிதாக ஒன்றைத் தொடங்கவில்லை என்று தகவல் சொல்கிறது.

பதிவைப் பார்த்தும் புரியவில்லை என்றால், ஸ்கிரிப்டை ஒதுக்கி வைத்துவிட்டு இரண்டே வரியில் ஒன்று எழுதுங்கள். முதல் வரி வழக்கமானது. இரண்டாவது வரி 'எக்ஸெக் எக்ஸ்டெர்ம்'. இணைத்தால் திரையின் மூலையில் ஒரு வெள்ளை டெர்மினல் மட்டும் வர வேண்டும். வந்துவிட்டால் அந்த டெர்மினலிலேயே ஸ்டார்ட்எக்ஸ்எஃப்சிஇ4 என்று டைப் செய்யுங்கள். எது உடைகிறதோ அது உங்கள் கண் முன்னாலேயே பிழையைச் சொல்லும். யூகத்தில் பத்து விதமாக மாற்றிப் பார்ப்பதைவிட இந்த ஒரு சோதனை மேல். எக்ஸ்டெர்மை மூடினால் எக்ஸ்ஆர்டிபி செஷனும் மூடிக்கொள்ளும். கடைசி வரிதான் செஷன் என்பதை அப்போது நேரிலேயே பார்க்கலாம்.

ஸ்கிரிப்ட் எந்த வரியில் நிற்கிறது என்று தெரிய வேண்டுமா? இரண்டாவது வரியாக 'எக்ஸெக் > $ஹோம்/செஷன்.லாக் 2>&1' என்றும், அடுத்த வரியாக 'செட் -எக்ஸ்' என்றும் சேருங்கள். இங்கே எக்ஸெக்குக்குப் பின் கமாண்ட் இல்லை. அப்படி வந்தால் ஷெல் இடத்தைக் காலி செய்யாது. இனி வரும் எல்லா வெளியீட்டையும் அந்த ஃபைலுக்குத் திருப்பிவிடும். செட் -எக்ஸ் ஓடும் ஒவ்வொரு வரியையும் எழுதிக் காட்டும்.

பூட்டு ஃபைலும் கரண்ட் கட்டும்

இணைப்பு அறுந்தால் செஷன் சாகாது. வீட்டில் கரண்ட் போனாலும், ரயிலில் சிக்னல் போனாலும், சர்வரில் எல்லாம் அப்படியே இருக்கும். திரும்ப நுழைந்தால் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். சர்வர் இருக்கும் இடத்தில் கரண்ட் போய் யூபிஎஸ்ஸும் தீர்ந்தால் மட்டும் எல்லாம் போயிற்று. வேலூர் கோடையில் இதை மனதில் வைத்து அடிக்கடி சேவ் செய்யுங்கள். மெஷின் திரும்ப எழுந்தால் எக்ஸ்ஆர்டிபி தானாக வரும். கையால் தொடங்கிய விஎன்சி வராது. அதற்குச் சிஸ்டம்டியில் விஎன்சிசர்வர் சர்வீஸை எனேபிள் செய்து வைக்க வேண்டும்.

விஎன்சி சர்வர் முறையாக மூடாமல் கொல்லப்பட்டால் /டிஎம்பி ஃபோல்டரில் .எக்ஸ்1-லாக் என்ற பூட்டு ஃபைல் மிச்சம் நிற்கும். அடுத்த முறை தொடங்கும்போது, டிஸ்ப்ளே 1 எடுக்கப்பட்டிருக்கிறது என்று எச்சரித்துவிட்டு 2-க்குப் போய்விடும். நீங்கள் 5901-இல் தட்டிக்கொண்டிருப்பீர்கள், சர்வர் 5902-இல் இருக்கும். உண்மையில் டிஸ்ப்ளே 1-இல் யாரும் இல்லை என்று பார்த்துவிட்டு அந்த ஃபைலை நீக்குங்கள்.

வெளியே திறந்துவிடாதீர்கள்

பழைய விஎன்சி பாஸ்வேர்டில் முதல் 8 எழுத்துகள் மட்டுமே கணக்கு. எவ்வளவு நீளமாக வைத்தாலும் மிச்சம் வெட்டப்படும். மறையாக்கம் இல்லாத விஎன்சியில் நீங்கள் அடிக்கும் எழுத்துகள் வழியில் படிக்கக் கிடைக்கும். ஆகவே விஎன்சிசர்வரை '-லோக்கல்ஹோஸ்ட்' விருப்பத்தோடு தொடங்கி, எஸ்எஸ்ஹெச் சுரங்கம் (மறையாக்கம் செய்த இணைப்பு) வழியாக மட்டும் நுழையுங்கள்: எஸ்எஸ்ஹெச் -எல் 5901:லோக்கல்ஹோஸ்ட்:5901, பிறகு யூசர் பெயர், சர்வர் விலாசம். வீட்டுக் கம்ப்யூட்டரில் விஎன்சி வியூவரை லோக்கல்ஹோஸ்ட் 5901-க்குக் காட்டினால் போதும். எக்ஸ்ஆர்டிபிக்கும் 3389-ஐ ரவுட்டரில் உலகத்துக்கே திறந்துவிட வேண்டாம். கம்பெனிக் கணக்கும் மாணவர்களின் ஆராய்ச்சித் தரவும் அந்த ஒரு கதவுக்குப் பின்னால்தான் இருக்கின்றன.

ஸ்கிரிப்டில் 'எக்ஸ்ஹோஸ்ட் +' என்ற வரி கண்ணில் பட்டால் உடனே நீக்குங்கள். யார் வேண்டுமானாலும் இந்தத் திரையில் எழுதலாம், படிக்கலாம் என்று அனுமதிக்கும் வரி அது. ஏதோ ஒரு அப்ளிகேஷன் வரவில்லை என்பதற்காக யாராவது சேர்த்திருப்பார்கள். பாஸ்வேர்டையும் ஸ்கிரிப்டுக்குள் எழுதி வைக்கக் கூடாது.

எக்ஸ் சர்வருக்குப் பதிலாக வந்திருக்கும் புதிய திரை முறையான வேலேண்ட் பற்றி ஒரு வார்த்தை. இங்கே சொன்னது எல்லாம் எக்ஸ்11 உலகம். க்னோமில் உள்ளேயே வரும் ரிமோட் டெஸ்க்டாப் வசதி இந்த ஸ்கிரிப்டுகளைப் பயன்படுத்துவதில்லை. சிறிய ஆபீஸ் சர்வருக்கு எக்ஸ்எஃப்சிஇ, மேட் போன்ற இலேசான டெஸ்க்டாப்பையே நான் சொல்வேன்.

மாற்றியதைச் சோதிக்கும்போது

ஸ்கிரிப்ட் செஷன் தொடங்கும்போது மட்டும்தான் படிக்கப்படுகிறது. ஓடிக்கொண்டிருக்கும் செஷனுக்கு நீங்கள் செய்த மாற்றம் தெரியாது. எக்ஸ்ஆர்டிபி விண்டோவை மூலையில் உள்ள பெருக்கல் குறியில் மூடிவிட்டுத் திரும்ப நுழைந்தால், பழைய செஷனுக்கே கொண்டுபோய் விடும். மாற்றம் பலிக்கவில்லை என்று நினைத்து இன்னொன்றை மாற்றுவீர்கள், குழப்பம் கூடும். டெஸ்க்டாப் மெனுவில் லாக் அவுட் கொடுத்து வெளியே வாருங்கள். விஎன்சியில் 'விஎன்சிசர்வர் -கில் :1' என்று நிறுத்திவிட்டு மறுபடி தொடங்குங்கள்.

திரை வந்ததும் டெர்மினலில் 'பிஎஸ் -இஎஃப் --ஃபாரஸ்ட்' ஓட்டிப் பாருங்கள். யாருக்குக் கீழே யார் என்று கிளை கிளையாகக் காட்டும். எக்ஸ்ஆர்டிபி-செஸ்மேனுக்குக் கீழே ஒரு பக்கம் எக்ஸ்ஆர்க், மறுபக்கம் எக்ஸ்எஃப்சிஇ4-செஷன், அதற்கு அடியில் விண்டோ மேனேஜரும் பேனலும் இருக்க வேண்டும். அப்படி இருந்தால் ஸ்கிரிப்ட் சரி. எடுத்து வைத்த பழைய காப்பியைத் தேதி போட்டு ஒரு ஓரமாக வைத்துவிட்டு வேலையைத் தொடங்கலாம்.